ஆலம் கரைத்த தண்ணீர்

பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. பாட்டி கண்ணில் படுவதற்குள் அலசிவிடலாம் என்று பேத்தி மாடிப்படிக்குக் கீழே இருக்கும் குழாயடிக்கு ஓடினாள். துணி சோப்பை எடுத்து மஞ்சள் கறையின் மேல் நாலு தேய்ப்பு தேய்த்தாள். அடுத்த நொடி ஒரு கூச்சல்.

"தாத்தா, ரத்தம்!"

செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடியவர் சட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கறை இருந்த இடமெல்லாம் செக்கச் செவேல். பிள்ளை தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எங்கே வெட்டுப்பட்டது என்று தேடிக்கொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஈரமான மஞ்சளும் காரமும் கலந்த அந்த வாசனை, அத்திபெலேயின் சந்து வீட்டிலிருந்து அவரைப் பாலக்கோட்டுப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அப்போது அவருக்குப் பத்து வயது இருக்கும். வீட்டுப் பசு திடீரென்று பால் கொடுக்காமல் கால் வீச ஆரம்பித்தது. யாரோ வச்சிட்டாங்க என்று பக்கத்து வீட்டு அத்தை சொன்னாள். அந்த ஒரு சொல் போதும், அக்கம்பக்கத்தில் யார் வச்சிருப்பார்கள் என்று பெயர்கள் வந்துவிடும். மூன்றாம் நாள் ராத்திரி மந்திரவாதி வந்தார். பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கேட்டார். அம்மா கரைத்துக் கொடுத்தாள். கிழக்கு முகமாக உட்கார்ந்து முணுமுணுத்து, மடியிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துச் சொம்பில் போட்டார். லாந்தர் வெளிச்சத்தில் தண்ணீர் கலங்கிச் சிவந்தது. "பாத்தியா தாயீ, ரத்தங் கக்குது!" என்றார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தாள். ஒரு சேவல், இருபத்தோரு ரூபாய், வெற்றிலைபாக்கு. வாங்கிக்கொண்டு அவர் இருட்டில் போய்விட்டார்.

மறுநாள் இந்தக் கதையைப் பையன் மூச்சு வாங்கச் சொன்ன இடம் தையல் கடை. கடைக்காரர் கறுப்புச் சட்டைக்காரர். சுவரில் பெரியார் படம், மேசையில் மடித்து வைத்த 'விடுதலை' நாளிதழ். ஊரில் பாதிப் பேர் அவரிடம் துணி தைக்கக் கொடுப்பார்கள், ஆனால் பண்டிகை நாளில் பேச மாட்டார்கள். கதையை முழுக்கக் கேட்ட தையல்காரர் தையல் மிதியை நிறுத்தாமலே ஒன்று கேட்டார்.

"உங்கக்கா கல்யாணத்துக்கு ஆலம் சுத்துனாங்களே, அதை உங்கம்மா எதுல கரைச்சாங்க?"

"மஞ்சளும் சுண்ணாம்பும்."

"என்ன நெறம்?"

பதில் தொண்டையில் நின்றது. அக்கா கல்யாணம் நடந்து மூன்று மாதம் ஆகவில்லை. தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் விட்டு, சுண்ணாம்பு டப்பியிலிருந்து விரலால் வழித்துப் போட்டு, சிவந்ததும் வெற்றிலையில் கற்பூரம் ஏற்றிச் சுற்றியது அதே அம்மாதான். அந்தச் சிவப்பு மங்கலம். சொம்புக்குள் வந்த சிவப்பு ரத்தம். அம்மாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமே அந்த ராத்திரி நடக்கவில்லை. திருநீற்றோடு சுண்ணாம்புத் தூள் கலந்திருந்தது, அவ்வளவுதான். அடுக்களையில் தெரிந்தது ஒன்று தொழுவத்துக்கு வந்து சேரவில்லை.

தையல்காரர் இன்னொரு வித்தையும் காட்டினார். செம்பருத்திப் பூவைக் கத்தியில் அழுந்தத் தேய்த்துக் காயவிட்டு, எலுமிச்சம்பழத்தை அறுத்தால் சாறு சிவப்பாக வழியும். பையன் கைக்கு அது வந்ததும் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் அவர்தான் ராஜா. வித்தையைக் கற்றுக்கொண்டதையே சிந்திக்கக் கற்றுக்கொண்டதாக அவர் எடுத்துக்கொண்டார். அது வேறு, இது வேறு என்று புரிய இன்னும் பதினைந்து வருஷம் ஆயிற்று. அதற்கு ஓர் எல்லையைத் தாண்டவும் வேண்டியிருந்தது.

*

ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்துவிட்டு அவர் அத்திபெலே வந்தது 80-களின் தொடக்கத்தில். ஓசூரிலிருந்து பெங்களூரு போகிற சாலையில், ஜூஜூவாடி தாண்டியதும் கர்நாடகத்தின் முதல் ஊர். சாலையின் ஒரு பக்கம் லாரிகள் மைல் கணக்கில் சோதனைச் சாவடிக்குக் காத்துக் கிடக்கும். டிரைவர்கள் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், சீட்டாடுவார்கள், வண்டிக்கு அடியில் தூங்குவார்கள். ஒவ்வொரு வண்டியின் முகப்பிலும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கும். புறப்படும்போது சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வைத்து நசுக்குவார்கள். காலையில் முதல் ஷிஃப்டுக்கு நடந்துபோகிற வழியெல்லாம் புளிப்பு வாசனையும் டீசல் வாசனையும் கலந்து அடிக்கும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வரிச் சாவடி வரிசைகள் ஒழிந்த பிறகு அந்த வாசனை ஊரைவிட்டே போய்விட்டது.

பட்டறையில் பேச்சு கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த ஒரு கூட்டு. அதில் அவருக்குச் சங்கடமில்லை. சங்கடம் வந்தது பசவனகுடியில்.

உடன் வேலை பார்த்த கன்னடக்காரர் ஒருவர், "நீ இப்படி எல்லாரையும் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கியே, நேஷனல் காலேஜுல புதன்கிழமை சாயங்காலம் வெறும் கேள்விதான், போய்ப் பார்" என்று சொல்லி அனுப்பினார். பெங்களூர் சயன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு, 1962-ல் தொடங்கியது, வாரா வாரம் அறிவியல் சொற்பொழிவு. யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது. முதல் ஷிஃப்ட் வரும் வாரங்களில் இரண்டு மணிக்கு வேலை முடியும். குளித்துச் சட்டை மாற்றி பஸ் ஏறினால் சந்தாபுரா, பொம்மசந்திரா, மடிவாளா என்று ஆடி அசைந்து மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் வெயில் தாழ்ந்துவிடும். அங்கிருந்து நடை. காந்தி பஜாரில் வித்யார்த்தி பவன் தோசையின் நெய் வாசனை தெருவரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுக்கும். பஸ் காசைக் கணக்குப் பார்த்துக் காப்பியோடு நிறுத்திக்கொள்வார்.

முதல் நாள் கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். பேச்சு ஆங்கிலத்தில். சுற்றிலும் ஓய்வு பெற்ற பேராசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், கண்ணாடி போட்ட பெண்கள். நகக்கண்ணில் கிரீஸ் போகாத விரல்களை மடித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பத்தில் இரண்டு சொல் புரிந்தது. ஊரில் எலுமிச்சம்பழத்தை ரத்தம் சிந்த வைத்த ராஜாவுக்கு இங்கே வாயைத் திறக்கவே தைரியம் வரவில்லை.

பேச்சு முடிந்ததும் கேள்வி நேரம். பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர், ஓய்வு பெற்ற உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், இவர் முகத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொண்டார். கன்னடத்தில் மெதுவாகச் சாரம் சொன்னார். பிறகு ஒரு சொல்லைக் குறித்து இவர் தட்டுத்தடுமாறி, "அப்படின்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டபோது, அந்தப் பெரியவரும் யோசித்தார். "எனக்கும் சரியாகத் தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். எழுந்து அதே கேள்வியைப் பேச்சாளரிடம் கேட்டார். அவையில் பாதிப் பேர் பேனாவைத் திறந்து பதிலை எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு மார்க்கெட்டுக்குத் திரும்பி நடந்தபோது கால் தரையில் பாவவில்லை.

முன்வரிசையில் கதர் வேட்டி, ஜிப்பா, காந்தி குல்லாயோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் எச்.என். என்றுதான் சொல்வார்கள். எச். நரசிம்மையா. அந்தக் கல்லூரியை வளர்த்தவர், சயன்ஸ் ஃபோரத்தைத் தொடங்கியவர். அவர் பெயரின் முன்னால் இருக்கும் 'எச்' ஊர்ப் பெயர் என்றும், ஊர் ஹோசூர் என்றும் பெரியவர் சொன்னபோது இவருக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷம். "எங்க ஓசூரா?" என்றார். இல்லை, கௌரிபிதனூர்ப் பக்கத்து ஹோசூர். ஏழைக் குடும்பத்துப் பையன், பெங்களூருக்குப் படிக்க வந்தபோது பஸ்ஸுக்குக் காசில்லாமல் இரண்டு நாள் நடந்தே வந்தவர். 1942-ல் சிறைக்குப் போனவர். அமெரிக்காவில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இயற்பியலில் பி.எச்.டி. வாங்கித் திரும்பி வந்து, கல்யாணம் செய்துகொள்ளாமல், கல்லூரி விடுதி அறை ஒன்றிலேயே கடைசிவரை வாழ்ந்தவர்.

1972-லிருந்து 1977 வரை அவர் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1976-ல் அற்புதங்களையும் சோதித்துப் பார்க்கக்கூடிய மூடநம்பிக்கைகளையும் ஆராய ஒரு குழு அமைத்தார். பல்கலைக்கழகத்துக்கு இது என்ன வேலை என்று ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. வெறுங்கையில் திருநீறும் மோதிரமும் வரவழைப்பதாகப் பேர்பெற்ற சத்திய சாயிபாபாவுக்கு, எங்கள் முன்னால் செய்து காட்டுங்கள் என்று கடிதம் போனது. மறுபடியும் போனது. அழைப்பு ஏற்கப்படவில்லை. பாண்டவபுராவில் திருநீறு வரவழைத்த ஒரு சிறுவனைக் குழு நேரில் பார்த்தபோது, திருநீறு அவன் உடுப்புக்குள் இருந்தது தெரிந்தது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்பில் 51ஏ பிரிவு சேர்ந்ததும் அதே 1976-ன் 42-ஆவது திருத்தத்தில்தான். சட்டம் புத்தகத்தில் ஏறிய அதே சமயம் பக்கத்துத் தெருவில் ஒருவர் அதைச் செய்துகொண்டிருந்தார் என்பது இவருக்கு ரொம்பப் பிடித்த தகவல். இன்றைக்கும் யாரிடமாவது அதைச் சொல்லிவிடுவார்.

*

பெரியவர் புத்தகங்கள் கொடுத்தார். அவற்றில் வந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் கோவூர். 1898-ல் திருவல்லாவில் பிறந்து, கல்கத்தாவில் தாவரவியல் படித்து, 1928-ல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராகப் போன மலையாளி. கல்கத்தாவிலிருந்து ஊர் திரும்பும்போது கங்கை நீர் கேட்டவர்களுக்கு அதை எடுத்துவர மறந்துபோய், ரயில் நிலையத்துக் குழாயில் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாராம். அந்தத் தண்ணீர் நோய் தீர்த்ததாக ஊரில் பேச்சு. யாழ்ப்பாணத்தில் அவரை விவிலிய வகுப்பும் எடுக்கச் சொன்னார்கள். மாணவர்கள் தேறினார்கள். அடுத்த வருஷம் அந்த வகுப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. தேர்வில் பிள்ளைகள் தேறிவிட்டார்கள், விசுவாசம்தான் போய்விட்டது என்பது காரணம். மோசடிக்கு இடமில்லாத நிபந்தனைகளில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963-ல் அவர் அறிவித்தார். 1978-ல் சாகும்வரை அந்தப் பணம் அவரிடமே இருந்தது.

இன்னொருவர் கோவை போத்தனூரில் இருந்த பிரேமானந்த். 1930-ல் கோழிக்கோட்டில் பிறந்தவர். சாமியார் வேஷத்திலேயே ஊர் ஊராகப் போய் அற்புதங்களைச் செய்து காட்டி, உடனே சூட்சுமத்தையும் சொல்லிவிடுவார். சாம்பலைக் கஞ்சியில் உருட்டிக் காயவைத்த உருண்டையைக் கட்டை விரல் இடுக்கில் மறைத்து, நொறுக்கினால் திருநீறு கொட்டும். தீக்குழியில் பாதம் கனல்மேல் படுவது நொடி நேரம்தான், கரியும் சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். 2009 அக்டோபரில் புற்றுநோயில் சாவதற்குச் சில நாள் முன்னால், நான் இன்னும் பகுத்தறிவாளன்தான், கடைசிக் காலத்தில் மனம் மாறிவிட்டதாக யாராவது கிளப்பினால் நம்பாதீர்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வதந்தி எப்படிப் பிறக்கும் என்று தெரிந்தவர் முன்கூட்டியே செய்த ஏற்பாடு.

கௌரிபிதனூர்க்காரர் பெங்களூரில். திருவல்லாக்காரர் யாழ்ப்பாணத்தில். கோழிக்கோட்டுக்காரர் போத்தனூரில். மூவருமே வந்த ஊரில் கேள்வி கேட்டவர்கள் என்பதை அவர் ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தார். புது ஊருக்கு வந்தவனுக்கு எது வழக்கம், எது காரணம் என்று தெரியாது. எல்லாவற்றையும் ஏன் என்று கேட்டுத்தான் தீர வேண்டும். அத்திபெலேயில் அவருக்கே முதல் ஒரு வருஷம் அப்படித்தான் கழிந்தது.

*

ஆனால் அவர் மிக நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் பசவனகுடியிலோ புத்தகத்திலோ இல்லை. பட்டறையில் இருந்தது. அதை அவர் அதிகம் பேருக்குச் சொன்னதில்லை.

அமாவாசை ராத்திரி ஷிஃப்டில் மிஷின் நிற்கும் என்று பட்டறையில் ஒரு நம்பிக்கை. அன்றைக்கு எலுமிச்சம்பழம் இல்லாமல் யாரும் சுவிட்சைத் தொட மாட்டார்கள். இவர் கேலி பேசுவார். கேலி பேசிப் பேசி இரண்டு நண்பர்கள் சாப்பாட்டு வேளையில் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு புதன்கிழமை இதைப் பெரியவரிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டார், "அமாவாசையில் நிற்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?"

இவரிடம் பதில் இல்லை. அவர்கள் நின்றதை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள், இவர் நிற்காததை மட்டும். "ஒரு நோட்டு போடு. மிஷின் நின்ற நாளையும் எழுது, நிற்காத நாளையும் எழுது" என்றார் பெரியவர்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். தேதி, ஷிஃப்ட், மிஷின், என்ன பழுது, யார் கையில். ஐந்தாறு மாதம் ஒருநாள் விடாமல் எழுதினார். அமாவாசைக்கும் பழுதுக்கும் சம்பந்தம் தெரியவில்லை. அதை நண்பர்களிடம் காட்டியபோது அவர்கள் சண்டை போடவில்லை, "சரிப்பா, ஒரு பழந்தானே" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து மறுபடியும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

நோட்டில் இன்னொரு கணக்கும் இருந்தது. டிரில் பிட் உடைவது. அதை அவர் எழுதியதற்கு வேறு காரணம். குப்பம் பக்கத்திலிருந்து ஒரு தெலுங்குப் பையன் ஹெல்ப்பராக வந்திருந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயது. தமிழும் வராது, கன்னடமும் வராது, எதைச் சொன்னாலும் சிரிப்பான். அவன் வந்த நாளிலிருந்துதான் பிட் உடைகிறது, கை ராசி இல்லாதவன் என்று இவருக்கு ஓர் எண்ணம். ராசி என்ற சொல்லை வெளியே சொல்ல மாட்டார், 'கவனம் போதாது' என்று சொல்வார். சூப்பர்வைசரிடமும் அப்படித்தான் சொன்னார். பையனை வேறு வேலைக்கு மாற்றினார்கள். சுமை தூக்கும் வேலை. ஒரு மாதத்தில் அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்.

அவன் போன பிறகும் நோட்டு தொடர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அமாவாசைக் கணக்கை முடித்துவிட்டு, சும்மா, டிரில் பிட் பக்கத்தைப் புரட்டினார். ஒவ்வோர் உடைப்புக்கும் ஒரு கோடு. பையன் கையில் இருந்தபோது நான்கு கோடு. மற்ற இருவருக்கு ஐந்தும் நான்கும். அவர் பெயருக்கு நேரே எட்டு.

மறுபடி எண்ணினார். எட்டுதான். கூலண்ட் போதுமான அளவு விழுவதற்குள் வேகமாக இறக்குகிற பழக்கம் அவருக்கு இருந்தது. வேலையை மற்றவர்களைவிடச் சீக்கிரம் முடிப்பார், அதில் பெருமையும் உண்டு. தன் கையில் உடைந்தபோதெல்லாம் 'பிட் சரியில்லை' என்று நினைத்திருக்கிறார். பையன் கையில் உடைந்தபோது 'பையன் சரியில்லை'. மொழி தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனின் சங்கடம் தெரிந்தவர், தனக்குப் பின்னால் இன்னொருவன் வந்ததைப் பார்க்கவில்லை. 423-ஆம் குறளை எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்து ஒப்பித்து, தலைமையாசிரியர் கையால் பேனா பரிசு வாங்கியவர் அவர். யார் சொன்னாலும் மெய் எது என்று பார் என்கிற அந்தக் குறளுக்குள் தன் வாயும் சேர்த்தி என்று தோன்றியதேயில்லை.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார். "அவன்தான் போய்ட்டானே, விடு" என்றார் அவர். குப்பம் பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு மூன்று வாரம் கண்ணை ஓட்டினார். கிடைக்கவில்லை.

*

நோட்டுப் பழக்கம் வேறோர் இடத்தில் உதவிற்று. 1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்ததும் பெங்களூரில் தமிழர்கள் வாழ்ந்த பகுதிகளில் கலவரம் வெடித்தது. எல்லையில் பஸ்கள் நின்றுவிட்டன. குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஜனங்கள் அத்திபெலே வழியாக ஜூஜூவாடிக்கு நடந்தார்கள். நடந்தது பொய்யில்லை, அந்த முகங்களை அவர் பார்த்தார். ஆனால் நடந்ததற்கு மேல் நாலு மடங்கு பேச்சு காற்றில் வந்தது. ஒரு பஸ் நிறைய ஆட்களை இறக்கி வெட்டிவிட்டார்கள் என்று ஒரு சேதி. மனைவி பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அடுத்த வீட்டுக் கன்னடக்காரர் கதவைத் தட்டினார். அவர் முகமும் வெளிறியிருந்தது. ஓசூர்ப் பக்கம் ஒரு பஸ் நிறைய ஆட்களை இறக்கி வெட்டிவிட்டார்களாம் என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே பஸ், அதே இறக்கம், அதே வெட்டு, ஊர்ப் பெயர் மட்டும் எல்லையின் அந்தப் பக்கம்.

"யாரு நோடித்து?" என்று இவர் கேட்டார். யார் பார்த்தது?

கன்னடக்காரர் விரலை மடித்தார். டீக்கடைக்காரர் சொன்னார், அவருக்கு லாரி டிரைவர் சொன்னார், டிரைவருக்கு யாரோ. இவர் தன் சேதியின் வழியைத் திரும்பிப் போய்ப் பார்த்தார், அதுவும் மூன்றாவது ஆளோடு யாரோவில் முடிந்தது. அன்று ராத்திரி இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் படுத்தது. பயம் போகவில்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துக்கொள்ள முடிந்தது. 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்து எல்லை மூடியபோது சேதி டீக்கடையிலிருந்து வரவில்லை, கைபேசியில் படத்தோடு வந்தது. அப்போதும் அடுத்த வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, அதே இரண்டு சொல்லைத்தான் கேட்டார்.

பிள்ளையார் பால் குடித்த நாளும் உண்டு. 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. டெல்லியில் காலையில் கிளம்பிய சேதி எஸ்.டி.டி. பூத்துகள் வழியாக மத்தியானத்துக்குள் அத்திபெலே வந்துவிட்டது. கோயில் வரிசை சாலைவரை நீண்டது. டீக்கடைகளில் பால் தீர்ந்து கறுப்புத் தேநீர்தான். டெல்லியில் அரசு விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து கொடுத்து, அது சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து இறங்குவதைக் காட்டினார்கள். திரவத்தின் பரப்பு இழுவிசையும் கல்லின் சொரசொரப்பும் சேர்ந்து கரண்டியிலிருந்து பாலை இழுத்துவிடும். இவரும் வீட்டுப் பித்தளைப் பிள்ளையாரை எடுத்து வைத்து, பாலில் குங்குமம் கலந்து, கரண்டியைத் தும்பிக்கையில் சாய்த்தார். சிவப்புக் கோடு தொந்தி வழியாக இறங்கிப் பீடத்தில் தேங்கியது.

மனைவி குனிந்து பார்த்தாள். "சரிங்க, குடிக்கல. ஒத்துக்கறேன்" என்றாள். "ஆனா எதிர்வீட்டுக் கெழவி ஆறு மாசமா படுக்கைய விட்டு எந்திரிக்கல. இன்னைக்கு டம்ளர எடுத்துக்கிட்டு வரிசைல போய் நின்னுச்சு. அதை எந்த நோட்டுல எழுதுவீங்க?"

அவர் குங்குமப் பாலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு நோட்டில் அதையும் எழுதினார். கிழவி நடந்தது, தேதி, நேரம். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டார். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

*

எச்.என். 2005 ஜனவரி 31 அன்று காலமானார். பெரியவர் அதற்கு முன்பே போய்விட்டார். கேள்வி கேட்பதற்குக் கொடுக்கும் விலை இந்தக் காலத்தில் கூடிவிட்டது. 2013-ல் புனேயில் நரேந்திர தபோல்கர், 2015-ல் தார்வாடில் கல்புர்கி, இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களுக்கும் சூனியத்துக்கும் எதிரான சட்டம் கர்நாடகத்தில் 2017-ல் நிறைவேறி 2020-ல் நடைமுறைக்கு வந்தது. இப்போது பொம்மசந்திராவரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. நேஷனல் காலேஜ் பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறது. மாலைப் பேச்சுக்கு மத்தியானமே பஸ் ஏறியதைச் சொன்னால் பேத்தி நம்புவதில்லை.

குழாயடியில் அவள் இன்னும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் விளக்கம் சொல்ல வாயெடுத்தவர், சொல்லவில்லை.

"சிவப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு நெனைக்கறே?"

"சோப்புல சாயம் இருக்கு."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

அவள் யோசித்தாள். உள்ளே போய்ப் பழைய கைக்குட்டை ஒன்றைக் கொண்டுவந்து அதே சோப்பைத் தேய்த்தாள். வெள்ளை நுரை. முகம் சுருங்கியது. இன்னொரு மூலையில் மஞ்சள் தூளைத் தடவித் தேய்த்தாள். சிவந்தது. அடுக்களைக்கு ஓடி எலுமிச்சம்பழத் துண்டோடு திரும்பினாள், ஏன் எலுமிச்சை என்று அவரும் கேட்கவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது. பிழிந்ததும் சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பி வந்தது. அவள் போட்ட சத்தத்தில் பாட்டி வெளியே வந்துவிட்டாள்.

"ஆலம் மாதிரி இருக்கு" என்றாள் பாட்டி, சட்டையைப் பார்த்து. பிறகு கைக்குட்டையைப் பார்த்தாள். "அது என் கைக்குட்டைடீ!"

சட்டையை அலசி மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போட்டார்கள். மஞ்சள் கறையை வெயில் தின்றுவிடும், சாயங்காலம் பார்க்கலாம் என்றார் அவர். எழுதி வைக்க நோட்டு வேண்டும் என்று பேத்தி கேட்டாள். பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கியபோது அந்த நாற்பது பக்க நோட்டும் வந்தது. அட்டை உதிர்ந்து, ஓரமெல்லாம் எண்ணெய் படிந்து கிடந்தது. அவள் புரட்டிக்கொண்டே போய் டிரில் பிட் பக்கத்தில் நின்றாள். கோடுகளை எண்ணினாள். தாத்தாவின் பெயருக்கு நேரே எட்டு இருப்பதைக் கண்டு குதித்தாள், அதிகம் வாங்கியவர்தான் முதல் என்று நினைத்துக்கொண்டு.

"எல்லாருக்கும் பேர் எழுதியிருக்கு. இங்க மட்டும் 'பையன்'னு இருக்கே. அவன் பேர் என்ன தாத்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிக்கும் முகம் ஞாபகம் வந்தது, சட்டையின் கட்டம்கூட ஞாபகம் வந்தது. மாடிக் கொடியில் வெள்ளைச் சட்டை காற்றில் புரண்டது. பேத்தி பென்சிலை எடுத்து, கேட்டால் எழுதிக்கொள்ளலாம் என்று, அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.